ஓட்டம் முடிந்த பிறகு

மும்பையில் விடியற்காலை ஓடுகிறவர்களின் நேரம். மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களைச் சுற்றியும், சிவாஜி பூங்கா மைதானத்திலும், செம்பூரின் மரநிழல் படிந்த தெருக்களிலும் அந்நேரத்தில் காலடி ஓசை கேட்கும். சிலர் உடல் நலம் கருதி ஓடுகிறார்கள். சிலர் மின்சார ரயிலைப் பிடிப்பதற்காக ஓடுகிறார்கள். இவர்களுக்கு நடுவே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலரையும் காணலாம். தாராவியின் ஒடுங்கிய சந்துகளிலிருந்து புறப்பட்டு, நல்ல காலணிகூட இல்லாமல், எவரும் தூண்டாமலே ஓடிப் பழகுகிற பிள்ளைகள் அவர்கள். பள்ளிகளுக்கிடையே நடக்கும் போட்டியில் பரிசு ஒன்றைப் பெற்றுவிட்டால் அவர்களுக்கு உண்டாகும் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

ஆனால் அந்தப் பரிசுக் கோப்பை வீட்டுக்குள் நுழையும்போது அதனுடன் ஒரு கேள்வியும் நுழைகிறது. "ஓடி என்ன ஆகப் போகிறது?" என்று தகப்பனார் கேட்கிறார். அவர் கேட்பதில் தவறு இல்லை. திருநெல்வேலியிலிருந்தோ சேலத்திலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ பெற்றோரும் பாட்டனாரும் இந்நகருக்கு வந்தது, பிள்ளைகள் படித்து நல்ல நிலைக்கு வரவேண்டும் என்னும் ஒரே நினைவோடுதான். தோல் பதனிடும் தொட்டியருகே நின்றும், அலுவலகத்தில் தட்டெழுத்துப் பொறியின் முன் அமர்ந்தும், சிறிய உணவு விடுதி நடத்தியும் சேர்த்த காசு அது. அப்படிப்பட்ட வீட்டில் காலின் வேகம் எதற்குப் பயன்படும் என்ற ஐயம் எழுவது இயற்கையே.

நேயர்களே, அந்த ஐயத்திற்கு அறிவுரையாக விடை சொல்வதைக் காட்டிலும் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்வது மிகுந்த பயன் தரும் என்று கருதுகிறேன். அவர் உலகத்திலேயே மிக விரைந்து ஓடியவர்களுள் ஒருவர். ஒலிம்பிக் தங்கப் பதக்கம் பெற்றவர். பிறகு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு இராணுவ விமானி ஆனவர். அதற்கும் பிறகு கணித ஆசிரியராகப் பள்ளி வகுப்பில் நின்றவர். அவர் பெயர் ஆர்ச்சி வில்லியம்ஸ்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லண்டு நகரத்தில் 1915-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி அவர் பிறந்தார். கறுப்பினத்தைச் சேர்ந்தவர். இளமையில் அவருக்குப் பொறிகளின்மீதும் விமானங்களின்மீதும் தீராத ஆசை இருந்தது. பொறியியல் படிக்க வேண்டும் என்று அவர் விரும்பியபோது, கறுப்பின இளைஞனுக்கு அந்தத் தொழிலில் யார் வேலை கொடுப்பார்கள், வேறு ஏதேனும் பார் என்று அறிவுரை சொன்னவர்களும் உண்டு. அதைக் கேட்டு அவர் பின்வாங்கவில்லை. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார்.

அங்கேதான் புரூட்டஸ் ஹாமில்டன் என்ற சிறந்த பயிற்சியாளரின் கண்காணிப்பில் அவர் ஓடலானார். தொடக்கத்தில் அவர் பலருள் ஒருவராகத்தான் இருந்தார். ஆனால் 1936-ஆம் ஆண்டு, ஒரே பருவத்திற்குள், வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டார். அவ்வாண்டு ஜூன் 19-ஆம் தேதி சிகாகோ நகரில் நடந்த பல்கலைக்கழகப் போட்டியில் 400 மீட்டர் தூரத்தை 46.1 வினாடியில் கடந்து உலக சாதனையை நிலைநாட்டினார். ஏழு வாரம் கழித்து அவர் பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் நின்றார்.

400 மீட்டர் ஓட்டம் எத்தகையது என்பதை இங்கே சற்று விளக்க வேண்டும். அது மைதானத்தின் ஓட்டத் தடத்தை ஒருமுறை முழுமையாகச் சுற்றிவரும் ஓட்டம். மனித உடல் தன் முழு வேகத்தையும் ஒரு சில வினாடிகளே தாங்கும். நூறு மீட்டர் ஓடுகிறவரும்கூடக் கடைசிப் பகுதியில் சற்றே வேகம் குறைந்துதான் முடிக்கிறார். நெடுந்தூரம் ஓடுகிறவர் மூச்சுக்கும் உழைப்புக்கும் இடையே ஒரு சமநிலை வைத்துக்கொள்ள முடியும். இந்த 400 மீட்டரோ இரண்டிற்கும் இடைப்பட்டது. மூச்சின் வழியாக வரும் பிராணவாயு தசைகளின் தேவைக்குப் போதாமற் போகிறது. தசைகளில் களைப்பை உண்டாக்கும் மாறுதல்கள் பெருகுகின்றன. கடைசி நூறு மீட்டரில் கால்கள் ஈயமாய்க் கனக்கின்றன. ஆகவே, இந்த ஓட்டத்தில் வெல்ல வேகம் மட்டும் போதாது. எங்கே எவ்வளவு செலவழிப்பது, எங்கே எவ்வளவு மிச்சம் வைப்பது என்னும் கணக்கும் வேண்டும்.

1936 ஆகஸ்டு 7-ஆம் தேதி அந்த இறுதி ஓட்டம் நடைபெற்றது. இக்காலத்துச் செயற்கைத் தளம் அந்நாளில் இல்லை. நிலக்கரிச் சாம்பல் பரப்பிய தடம் அது. புறப்படும்போது காலை ஊன்றிக்கொள்ளும் கட்டைகளும் ஒலிம்பிக்கில் அப்போது அனுமதிக்கப்படவில்லை. வீரர்கள் சிறு கரண்டியால் தரையில் தாமே குழி தோண்டி, அதில் காலைப் பதித்துப் புறப்பட்டார்கள். வில்லியம்ஸ் 46.5 வினாடியில் முதலாவதாக முடித்தார். அதாவது, மணிக்கு ஏறத்தாழ 31 கிலோமீட்டர் வேகம். இரண்டாவதாக வந்த பிரிட்டிஷ் வீரர் காட்பிரே பிரவுனுக்குக் கைக்கடிகாரக் கணக்கில் 46.7 வினாடி. மின்கருவியின் நுண்ணிய கணக்கிலோ இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரு வினாடியின் நூற்றில் இரண்டு பங்குதான். மூன்றாவதாக அமெரிக்காவின் மற்றொரு கறுப்பின வீரர் ஜேம்ஸ் லூவால் வந்தார்.

அந்தப் போட்டி நடந்த இடத்தையும் காலத்தையும் மறந்துவிடக் கூடாது. இட்லரின் ஆட்சி ஜெர்மனியில் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் யூதர்களின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டங்கள் அங்கே இயற்றப்பட்டன. தங்கள் இனமே உயர்ந்தது என்று பறைசாற்றிய அந்த ஆட்சியின் கண்ணெதிரே, அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் பதக்கங்களை வரிசையாக வென்றார்கள். ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கப் பதக்கங்கள் பெற்றார். 800 மீட்டரில் ஜான் உட்ரப் வென்றார். 400 மீட்டரில் நம் வில்லியம்ஸ் வென்றார். நாஜிகள் உங்களை எப்படி நடத்தினார்கள் என்று ஊர் திரும்பியபின் கேட்டவர்களுக்கு, அங்கே தாம் பேருந்தின் பின்னிருக்கைக்கு அனுப்பப்படவில்லை என்ற பொருளில் அவர் விடையளித்தார். அவருடைய சொந்த நாட்டில், சிறப்பாகத் தென் மாநிலங்களில், கறுப்பின மக்கள் பேருந்தின் பின்புறத்தில்தான் அமரவேண்டும் என்ற நிலை அன்று இருந்தது. உலகம் கைதட்டிய வீரருக்கும் உள்ளூரில் ஓர் இருக்கை நிச்சயமில்லை.

வெற்றி மேடையில் நின்ற அம்மூவரும் பின்னர் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் ஓர் அரிய ஒற்றுமை தென்படுகிறது. வெள்ளிப் பதக்கம் பெற்ற காட்பிரே பிரவுன் நம் நாட்டில், வங்காளத்தின் பாங்குராவில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து ஆசிரியராகி, 1950 முதல் 1978 வரை இங்கிலாந்தின் உஸ்டர் நகரத்துப் புகழ்பெற்ற பள்ளி ஒன்றின் தலைமையாசிரியராக விளங்கினார். வெண்கலப் பதக்கம் பெற்ற லூவால் இரசாயனம் பயின்றார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் என்னும் பேரறிஞரிடம் ஆராய்ச்சி செய்து 1940-இல் டாக்டர் பட்டம் பெற்றார். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றினார். பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் இரசாயனச் சோதனைச் சாலைகளை மேற்பார்த்தார். தங்கம் பெற்றவர் இறுதியில் கணித ஆசிரியர் ஆனார். மூவருமே ஓடுகிற காலத்திலேயே படித்துக்கொண்டிருந்தவர்கள். ஓட்டம் நின்றபோது அவர்கள் கையில் வேறொரு கருவி இருந்தது.

ஆனால் வில்லியம்ஸுக்கு அந்தக் கருவியைப் பயன்படுத்தும் வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. இப்போது அவருடைய வாழ்க்கையின் கடினமான பகுதிக்கு வருகிறோம்.

ஒலிம்பிக் போட்டிக்குப் பின் தொடைத் தசையில் ஏற்பட்ட காயம் அவருடைய ஓட்ட வாழ்வை முடித்துவிட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. புகழைக் காசாக்கிக்கொள்ளவும் வழியில்லை. ஒலிம்பிக் வீரர்கள் விளையாட்டினால் ஒரு காசும் சம்பாதிக்கக் கூடாது என்பது அந்நாளைய கடுமையான விதி. சம்பாதித்தால் மீண்டும் போட்டியிடும் உரிமை போய்விடும். நான்கு தங்கம் பெற்ற ஓவன்ஸே அந்த உரிமையை இழந்து, பிழைப்புக்காகப் பந்தயக் குதிரைகளோடு ஓடிக் காட்ட நேர்ந்தது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த விதி 1970-களில் தளர்ந்து, 1980-களில்தான் ஊதியம் பெறும் வீரர்களுக்கு ஒலிம்பிக் கதவு படிப்படியாகத் திறந்தது.

வில்லியம்ஸ் 1939-ஆம் ஆண்டு பொறியியல் பட்டம் பெற்றார். உலகச் சாதனை ஒரு கையிலும் பட்டம் மறு கையிலும் இருந்தும், ஒரு பொறியாளர் வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. தோலின் நிறமே குறுக்கே நின்றது. முன்பு சிலர் சொன்ன எச்சரிக்கை பலித்துவிட்டது போலவே தோன்றியது. ஓக்லண்டு விமான நிலையத்தில் விமானங்களுக்கு எரிபொருள் நிரப்புவதும், அவற்றைக் கழுவித் துடைப்பதுமான வேலைதான் அகப்பட்டது. ஒலிம்பிக் வீரருக்கு இது தாழ்வு என்று அவர் எண்ணியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். விமானத்தின் அருகிலே நிற்கக் கிடைத்த வாய்ப்பாக அவர் அதைக் கண்டார். அங்கேயே பறக்கக் கற்றார். விமானி உரிமம் பெற்றார். பிறருக்குக் கற்பிக்கும் உரிமமும் பெற்றார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். உழைத்தார், ஆகவே உயர்ந்தார் என்று கதையை முடித்துவிடுவது எளிது. அது முழு உண்மையன்று. கறுப்பின மக்கள் போர் விமானம் செலுத்தத் தகுதியற்றவர்கள் என்பது அமெரிக்க இராணுவ வட்டாரத்தில் அன்று ஊறிப்போயிருந்த எண்ணம். போர்முனைக்கே அவர்கள் ஏற்றவர்களல்லர் என்று 1925-இல் இராணுவக் கல்லூரி ஒன்று அறிக்கையே எழுதி வைத்திருந்தது. கறுப்பின மக்களின் பத்திரிகைகளும் சங்கங்களும் இதை எதிர்த்து ஆண்டுக்கணக்காக வாதாடின, வழக்கும் தொடுத்தன. அதன் பயனாகவே 1941-ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்னும் ஊரில் கறுப்பின விமானிகளுக்கென்று தனிப் பயிற்சி நிலையம் தொடங்கிற்று. பிரித்து வைக்கப்பட்ட நிலையந்தான். ஆயினும் அது ஒரு வாயில். பலருடைய போராட்டம் அந்த வாயிலைத் திறந்தது. திறந்தபோது உள்ளே நுழையத் தகுதியோடு ஆயத்தமாக நின்ற சிலருள் வில்லியம்ஸும் ஒருவர். இரண்டும் சேர்ந்தாலன்றி எதுவும் நடந்திராது.

டஸ்கீகியில் அவர் முதலில் பயிற்சியாசிரியராகப் பணியாற்றினார். பின்னர் இராணுவம் அவரை வானிலை ஆராய்ச்சிக் கல்விக்கு அனுப்பியது. லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் அக்கல்வியை முடித்து, அதிகாரியாகத் திரும்பி வந்தார். வானிலைக் கணிப்பு விமானிக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை மும்பைவாசிகளுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆடிமாத மழையில் சாந்தாக்ரூஸ் விமான நிலையத்தில் இறங்க முடியாமல் விமானங்கள் வானில் வட்டமிடுவதையும், கொலாபாவில் இத்தனை மில்லிமீட்டர், சாந்தாக்ரூஸில் இத்தனை மில்லிமீட்டர் என்று நாள்தோறும் அறிவிக்கப்படுவதையும் நாம் கேட்டே வருகிறோம். மேகம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, காற்று எத்திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வீசுகிறது, பனிமூட்டம் எப்போது விலகும் என்பவற்றைக் கணித்துச் சொல்பவரின் சொல்லை நம்பியே இளம் விமானி மேலெழும்புகிறான். கணக்குத் தவறினால் போகிறது ஓர் உயிர். வில்லியம்ஸ் வானிலையைக் கணித்தார், கணிதம் கற்பித்தார், பறக்கவும் கற்பித்தார். டஸ்கீகியில் பயிற்சி பெற்றுத் தேறிய விமானிகள் ஏறத்தாழ ஆயிரம் பேர். அவர்களுள் பலர் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போர் புரிந்து, அந்த 1925-ஆம் ஆண்டு அறிக்கையைத் தங்கள் செயலாலே பொய்ப்பித்தார்கள்.

போர் முடிந்தது. 1947-இல் அமெரிக்க விமானப் படை தனிப் படையாயிற்று. 1948-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன், படைகளில் இனப் பிரிவினை கூடாது என்று ஆணை பிறப்பித்தார். வில்லியம்ஸ் படையிலேயே தொடர்ந்து இருந்தார். கொரியப் போர்க் காலத்திலும் பணி புரிந்தார். எல்லாமாக இருபத்திரண்டு ஆண்டுகள் சேவை செய்து, 1964-ஆம் ஆண்டு லெப்டினன்ட் கர்னல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

ஓய்வூதியம் உண்டு, பதக்கம் உண்டு, சொல்லிக்கொள்ளப் பழங்கதையும் உண்டு. திண்ணையில் அமர்ந்து அவற்றைச் சொல்லிக்கொண்டே காலம் கழித்திருக்கலாம். அவரோ ஆசிரியப் பயிற்சி பெற்று, சான் அன்செல்மோ என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராகச் சேர்ந்தார். கணிப்பொறி பள்ளிகளுக்குள் வந்தபோது அதையும் கற்பித்தார். அங்கே அவர் பணியாற்றிய காலம் ஏறத்தாழ இருபத்தோர் ஆண்டுகள். அதாவது, விமானப் படையில் இருந்த காலத்திற்குச் சமமாக அவர் வகுப்பறையிலும் இருந்தார். 1993-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி, தமது எழுபத்தெட்டாம் வயதில் காலமானார்.

அந்தப் பள்ளிக்கு அக்காலத்தில் இருந்த பெயர் சர் பிரான்சிஸ் டிரேக் என்பது. டிரேக் உலகைச் சுற்றிவந்த ஆங்கிலேயக் கடலோடி. ஆனால் இளமையில் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகப் பிடித்து விற்ற கப்பல் பயணங்களிலும் பங்கு கொண்டவர். அவருடைய பெயர் பள்ளிக்குப் பொருந்துமா என்ற விவாதம் எழுந்து, 2021-ஆம் ஆண்டு அது மாற்றப்பட்டது. இன்று அது ஆர்ச்சி வில்லியம்ஸ் உயர்நிலைப் பள்ளி. எந்த இனத்து மக்கள் ஒருகாலத்தில் கப்பலில் ஏற்றி விற்கப்பட்டார்களோ, அந்த இனத்தில் தோன்றிய ஓர் ஆசிரியரின் பெயர் அப்பள்ளியின் வாயிலில் நிற்கிறது.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய வாழ்க்கைகள் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த ஹென்றி ரெபெல்லோ என்ற இளைஞர் மும்முறைத் தாண்டலில் வல்லவர். 1948-இல் அவர் தாண்டிய 15.29 மீட்டர் தூரம் உலகின் சிறந்த தாண்டல்களுள் ஒன்று. அவ்வாண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பத்தொன்பது வயது ரெபெல்லோ இறுதிப் போட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உடலைச் சூடேற்றிக்கொண்டு தாண்ட நின்றவரை, பதக்கம் வழங்கும் சடங்கு ஒன்றுக்காக நிறுத்தி வைத்தார்கள். குளிர்காற்றில் உடல் விறைத்த நிலையில், சடங்கு முடிந்ததும் உடனே தாண்டினார். தொடைத் தசை கிழிந்து மணலில் விழுந்தார். அதோடு அவருடைய ஒலிம்பிக் கனவு முடிந்தது. ஆனால் வாழ்க்கை முடியவில்லை. இந்திய விமானப் படையில் சேர்ந்து குரூப் கேப்டன் பதவி வரை உயர்ந்தார். பின்னாளில் இளம் விளையாட்டு வீரர்களைக் கண்டெடுக்கும் பணியிலும் ஈடுபட்டார். 2013-ஆம் ஆண்டு மறைந்தார்.

மகாராஷ்டிரத்திலேயே மற்றொருவரைக் காண்கிறோம். சாத்தாரா மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த மல்யுத்த வீரர் காஷாபா ஜாதவ் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனிவீரர் ஒருவர் பெற்றுத்தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அவருடைய பயணச் செலவுக்காகக் கல்லூரி முதல்வராய் இருந்த ஒரு பெரியவர் தம் வீட்டையே அடமானம் வைத்தார். பதக்கத்தோடு வந்தவரை ஊரார் மாட்டு வண்டி ஊர்வலமாக அழைத்துச் சென்றார்கள். ஊர்வலம் கலைந்த பிறகு, மல்யுத்தப் போட்டிகள் நடத்திக் கிடைத்த பணத்தைக் கொண்டு கடனை அடைத்தார் ஜாதவ். 1955-இல் காவல் துறையில் துணை ஆய்வாளராகச் சேர்ந்து, உதவி ஆணையர் நிலையில் ஓய்வு பெற்றார். 1984-இல் ஒரு சாலை விபத்தில் மாண்டார். அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது, அவர் மறைந்து ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் கழித்து.

இம்மூவர் கதையையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. புகழ் என்பது ஊர்வலம் போன்றது. அது வீதியைக் கடந்து போய்விடும். வில்லியம்ஸ் வென்றது 46.5 வினாடியில். அதன்பின் அவர் வாழ்ந்தது ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கும் மேல். அந்த ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கும் பதக்கம் சோறு போடவில்லை. வேலை வாங்கித் தரவில்லை. பேருந்தில் ஓர் இருக்கையைக்கூட உறுதி செய்யவில்லை. ஆனால் ஓட்டம் அவருக்கு ஒன்றும் தரவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அதிகாலையில் எழுவது, வலியைப் பொறுப்பது, தோற்ற மறுநாளும் மைதானத்திற்குப் போவது, வலிமையைக் கணக்கிட்டுச் செலவழிப்பது ஆகியவை மைதானத்தில் கைவந்த பழக்கங்கள். எரிபொருள் ஊற்றும் வேலையை அவமானமாகக் கருதாமல் அங்கேயே பறக்கக் கற்கும் மனம் அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது என்றே நான் கருதுகிறேன்.

ஆகையால், நம் வீடுகளில் எழும் அந்தக் கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்கலாம். ஓட்டமா, படிப்பா என்று கேட்பதை விட்டு, ஓடுகிற காலத்திலேயே வேறு எதைக் கற்கிறாய் என்று பிள்ளையிடம் கேட்கலாம். ஓடுவதற்கு உரிய வயது மிகக் குறுகியது; இருபத்தைந்து, முப்பதுக்குள் முடிந்துவிடும். ஒரு தசை கிழிந்தால் இருபத்தொன்றிலும் முடிந்துவிடும். பட்டமோ, ஒரு கைத்தொழிலோ, பிறருக்குக் கற்பிக்கும் திறனோ அதற்கு முன்பே கையில் சேர்ந்துவிட வேண்டும். நம் நாட்டில் ரயில்வே, காவல் துறை, முப்படைகள், வங்கிகள், எண்ணெய் நிறுவனங்கள் ஆகியவை விளையாட்டு வீரர்களுக்கென்று வேலைகள் ஒதுக்குகின்றன. அவ்வழியை அறிந்துகொள்வது நன்று. ஆயினும், அந்த வேலைக்குள் நுழைந்த பிறகு மேலே செல்வது, மைதானத்துக்கு வெளியே என்ன கற்றோம் என்பதைப் பொறுத்தே அமையும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். அயலூரிலிருந்து வந்தவர் என்ற பேச்சை நம்மில் மூத்தவர்கள் இந்நகரில் கேட்டதுண்டு. நமக்கென்று பள்ளிகளும் சங்கங்களும் எழுந்தது அப்படிப்பட்ட நாட்களில்தான். மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தார் 1932-ஆம் ஆண்டு தொடங்கிய கல்விப் பணி இன்று பல பள்ளி, கல்லூரிகளாக விரிந்து நிற்கிறது. வாயிலைத் திறக்கப் பலர் கூடி உழைக்க வேண்டும் என்பதையும், திறந்த வாயிலில் நுழையப் பிள்ளை ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதையும் டஸ்கீகி மட்டுமா காட்டுகிறது? நம் மாட்டுங்காவும் காட்டுகிறது. ஓடுகிற பிள்ளைக்கு ஒரு ஜோடி காலணி வாங்கித் தருவதும், மாலையில் அவன் உட்கார்ந்து படிக்க ஒரு விளக்கொளி மூலையை ஒதுக்கித் தருவதும் ஒரே கடமையின் இரு பகுதிகள். மகளாயினும் மகனாயினும் இதில் வேறுபாடு வேண்டாம்.

நாளை விடியற்காலையில் உங்கள் தெருவில் ஒரு சிறுவனோ சிறுமியோ ஓடிக் கடந்து செல்லக்கூடும். நின்று அவர்களுடைய பெயரைக் கேளுங்கள். என்ன வகுப்பு படிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள்.